சீகை நிழல்

நவம்பர் 4

காலையில் அக்கா போனில் பேசினாள். இடுப்பு எலும்பு நன்றாகக் கூடிவிட்டதாம். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடக்கிறாளாம். கோயம்புத்தூர் வெயில்தான் ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். மகள் பிருந்தாவின் வீட்டில் குளிர்காலம் முடியும்வரை இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை இந்த மலையில் வீடும் தோட்டமும் என் பொறுப்பு. பொறுப்பு என்று எழுதும்போதே கை தயங்குகிறது. கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்று, மனைவி போன பிறகு இங்கே வந்து சேர்ந்தவன் நான். அன்றிலிருந்து மத்தியானம் என்ன குழம்பு என்பதைக்கூட அக்காதான் முடிவு செய்வாள். தலைமை ஆசிரியையாக இருந்தவள். எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

இன்றைய உத்தரவு சீகை மரங்களைப் பற்றியது, வெளிநாட்டிலிருந்து இந்த மலைக்கு வந்த வாட்டில் மரம். வீட்டுக்குக் கீழே உள்ள பள்ளம் ஒரு காலத்தில் சதுப்பாக இருந்தது. அத்தான் இதை வாங்குவதற்கு முன்பே யாரோ ஒருவர் உருளைக்கிழங்கு போடுவதற்காக நடுவில் ஆழமாக வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டார். கிழங்கு பனியில் கருகியது. ஆள் போனார், சீகை வந்தது. அந்தச் சீகைக் காட்டுக்குள்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் அக்கா சோலை மரக் கன்றுகளை நட்டாள். காட்டுச் செண்பகம், மலை நாவல். வெட்டவெளியில் நட்டிருந்தால் முதல் உறைபனியிலேயே செத்திருக்கும். சீகை குடையாக நின்று காப்பாற்றியது.

இப்போது கன்றுகள் என் நெஞ்சு உயரம் இருக்கின்றன. குடையே அவற்றுக்குப் பாரமாகிவிட்டது. வெளிச்சம் போதாமல் மெலிந்து, எங்கே ஓட்டை தெரிகிறதோ அந்தப் பக்கம் சாய்ந்து நிற்கின்றன. "மூணு மரத்துக்கு ஒண்ணு எடுக்கோணும் தம்பி. அதுக்கு மேல கை வெச்சிராதே" என்றாள். இந்த வருடம் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம், இக்கரை மட்டும். அக்கரையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வெட்டுவதற்கு அனுமதி ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது.

எழுதி வைத்துக்கொண்டேன். மூன்றுக்கு ஒன்று.

நவம்பர் 7

எடுக்க வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் போட்டேன். மத்தியானத்துக்குப் பிறகு பாதியை அழித்தேன். மூன்றில் எந்த ஒன்று என்பதில்தான் சிக்கல். பெரியதை எடுத்தால் வானம் அதிகமாகத் திறந்துவிடுகிறது, சின்னதை எடுத்தால் எடுத்ததாகவே தெரியவில்லை. திரும்பவும் அடையாளம் போட்டேன். சட்டை முழுக்கச் சுண்ணாம்பு.

கேஸ் சிலிண்டர் வந்தது. வேலியில் ஒரு கம்பம் சாய்ந்திருக்கிறது. காட்டெருமையாக இருக்கும்.

நவம்பர் 10

அக்கா பேசினாள். அடையாளம் போட்டுவிட்டேன் என்று சொன்னதும் எதற்கு அடையாளம் என்று கேட்டாள். மூன்றுக்கு ஒன்று என்றேன்.

"மூணுக்கு ஒண்ணா? நான் எப்படா அப்படிச் சொன்னேன்? அத்தனையும் எறக்கச் சொன்னேன். புள்ளைங்களுக்கு வெளிச்சம் வேண்டாமா?" என்றாள். வகுப்பில் பேசுகிற அதே குரல்.

நான்காம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். மூன்றுக்கு ஒன்று என்றுதான் இருக்கிறது. அன்று லைன் சரியில்லை. என் இடது காதும் இரண்டு வருடமாக மந்தம். நான்தான் தப்பாகக் கேட்டிருக்க வேண்டும். இந்த இடத்தைப் பற்றி அக்காவுக்குத் தெரியாதது எனக்கு என்ன தெரிந்துவிடப்போகிறது?

நவம்பர் 13

மரம் வெட்டும் பிச்சைமுத்து மூன்று ஆட்களோடு வந்தான். பக்கத்து டீ எஸ்டேட் காலனியில் இருக்கிறவன், எங்கள் வேலைகளுக்கு எப்போதும் அவன்தான். என் சுண்ணாம்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு, மரத்துக்கெல்லாம் விபூதி பூசிவிட்டிருக்கிறேன் என்று ஆட்களிடம் சொல்லிச் சிரித்தான். அக்கா அவனுக்கும் போன் செய்து எல்லாவற்றையும் இறக்கச் சொல்லிவிட்டாளாம்.

ஒரேயடியாக எடுப்பது சரியா என்று அவனிடம் கேட்டேன். கேட்டது நாலு பேர் நடுவில், அதுவும் மெதுவாக.

"டீச்சரம்மா சொல்லிட்டாங்கல்ல சார். அதுக்கப்புறம் நீங்க என்ன, நான் என்ன" என்றான்.

உண்மைதான். எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 18

இக்கரை வேலை முடிந்தது. மரங்களைக் கன்றுகள்மேல் விழாமல் சாய்த்தார்கள். அதில் பிச்சைமுத்துவைக் குறை சொல்ல முடியாது. விறகு லாரியில் போய்விட்டது.

இவ்வளவு வெளிச்சத்தை அந்தப் பள்ளத்தில் நான் பார்த்ததில்லை. கன்றுகள் முதல்நாள் வகுப்புக்கு வந்த பிள்ளைகளைப் போலக் கூசிக்கொண்டு நிற்கின்றன. அக்கா சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். என் பயம் எப்போதும் இப்படித்தான், எதற்கும் உதவாது.

சாயங்காலம் போனில் விவரம் சொன்னேன். நல்லது என்றாள். பிறகு, மணிக்குச் சோறு வைத்தேனா என்று கேட்டாள். எங்கள் நாய் மணி செத்து நாலு வருடம் ஆகிறது. மேல்வீட்டு நாயைக் கேட்டிருப்பாள். அதன் பெயர் என்னவோ, எனக்குத் தெரியாது. வைத்தேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 27

நீர்ப்பனி ஆரம்பித்துவிட்டது. காலையில் புல்லெல்லாம் நனைந்து கிடக்கிறது. இன்னும் உறையவில்லை.

பிருந்தா தனியாகக் கூப்பிட்டாள். மொட்டை மாடியிலிருந்து பேசினாள் போலிருக்கிறது, காற்றுச் சத்தம். "அம்மா என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிப்போடுங்க மாமா. எதுத்துப் பேச வேண்டாம்" என்றாள். நான் எந்தக் காலத்தில் எதிர்த்துப் பேசினேன்? ரத்த அழுத்தத்துக்காகச் சொல்கிறாள் என்று நினைக்கிறேன். மருந்து ஏதாவது மாற்றினார்களா என்று கேட்டேன். புதிதாக ஒரு மாத்திரை சேர்த்திருக்கிறார்களாம். எதற்கு என்றேன். "வைட்டமின் மாதிரின்னு வெச்சுக்கங்க" என்றாள்.

நல்லது. அக்கா காய்கறி சரியாகச் சாப்பிடுவதில்லை.

டிசம்பர் 3

இக்கரையில் தண்ணீர் ஏறியிருக்கிறது. மழை பெய்து பல நாள் ஆகிறது. கால் வைத்தால் கறுப்பு மண் பஞ்சு மாதிரி அமுங்கி, செருப்பைச் சுற்றித் தண்ணீர் கசிகிறது. இரண்டு நாள் யோசித்த பிறகுதான் பிடிபட்டது. வாய்க்கால் மட்டும் இந்தப் பள்ளத்தை உலர வைத்திருக்கவில்லை. சீகையும் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. குடிக்க ஆளில்லாததால் தண்ணீர் தன் பழைய இடத்துக்குத் திரும்புகிறது. கன்றுகளின் வேர் அதில் ஊறுகிறது.

வாய்க்காலில் அடைத்திருந்த சேற்றை மண்வெட்டியால் அள்ளிப் போட்டேன். முதுகு பிடித்துக்கொண்டது. அக்காவிடம் சொல்லவில்லை. எதிர்த்துப் பேசியதாக ஆகிவிடுமோ என்று பயம்.

டிசம்பர் 12

இன்று உறைபனி.

கதவைத் திறந்ததும் பள்ளம் முழுக்க வெள்ளை. இக்கரைக் கன்றுகளின் ஒவ்வொரு இலையிலும் உப்புத் தூவியது போல. பார்க்க அழகாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். வெயில் ஏறியதும் இலைகள் தொங்கின. மத்தியானத்துக்குள் டீத்தூள் நிறத்துக்கு வந்துவிட்டன.

வாய்க்காலைத் தாண்டி அக்கரைக்குப் போனேன். சீகைக்கு அடியில் ஒரு பொட்டுப் பனி இல்லை. அங்கே கன்றுகள் பழையபடி மெலிந்து, சாய்ந்து, பச்சையாக நின்றன.

எனக்குத் தெரியாத விஷயமல்ல. தெளிந்த வானத்தின் கீழ் இலை தன் சூட்டையெல்லாம் மேலே இழந்துவிடும். மேலே ஒரு கூரை இருந்தால் அந்தச் சூடு நிற்கும். குளிர்ந்த காற்று வேறு மேட்டிலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். இதையெல்லாம் வருடக்கணக்காக இங்கேயே பார்த்திருக்கிறேன். நவம்பர் பதிமூன்றாம் தேதி பிச்சைமுத்துவிடம் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

டிசம்பர் 13

பிச்சைமுத்துவுக்குச் சொல்லியனுப்பினேன். காட்டோரத்தில் மிலாறு வெட்டிக் கட்டாகக் கொண்டுவந்தார்கள். பூங்காக்களில் செடிகளுக்குப் பனி படாமல் மூடுவார்களே, அந்தப் புதர்க்குச்சிதான். உயிர் இருக்கிறது என்று தோன்றிய கன்றுகளுக்கெல்லாம் கூடாரம் மாதிரி சாத்தினோம். பிச்சைமுத்து இன்று ஒன்றும் கேலி பேசவில்லை. ஒரு செண்பகத்தின் தண்டை நகத்தால் கீறிப் பார்த்தான். உள்ளே பழுப்பு. இன்னொன்றைக் கீறினான். பிறகு கீறுவதை நிறுத்திவிட்டான்.

டிசம்பர் 16

பனி. நேற்றும் பனி. அரிசி தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகவில்லை. கோதுமை ரவை இருக்கிறது.

டிசம்பர் 22

அக்கா பேசினாள். இக்கரையில் கன்றெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்பாள் என்று பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"அக்கரையில எப்ப ஆரம்பிக்கறான் பிச்சமுத்து? அதையும் மொத்தமா எறக்கிப்போடச் சொல்லு. நான் வர்றப்ப வானம் தெரியோணும்."

சரிக்கா என்றேன்.

டிசம்பர் 23

பிச்சைமுத்து ரம்பத்தோடு வந்துவிட்டான். அக்கா இன்று விடியற்காலையிலேயே கூப்பிட்டுவிட்டாளாம். இக்கரையின் கதியைக் கண்ணால் பார்த்தவன் அவன், ஆனாலும் டீச்சரம்மா சொன்னால் அவனுக்கு அது சொன்னதுதான். பத்தாம் வகுப்புவரை அவனைப் படிக்க வைத்தவள் அவள்.

வெட்டாதே என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இன்று நாள் நன்றாக இல்லை என்று வந்தது. சீகைக்கு நாள் நட்சத்திரம் உண்டா சார் என்று கேட்டான். எனக்கு முதுகுவலி, கூட நின்று பார்க்க முடியாது, பொங்கல் கழித்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். முதுகுவலி பொய்யில்லை. ஆனால் அதைச் சொன்ன விதம் பொய்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனான்.

ஜனவரி 2

நவம்பரிலிருந்து எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். நான்காம் தேதி நான் தப்பாகக் கேட்கவில்லை.

இதற்குமேல் இன்று எழுத வேண்டாம்.

ஜனவரி 6

அக்கரையில் வேலை. சும்மா விட்டாலும் அங்கே கன்றுகள் தேறாது. இன்னும் இரண்டு வருடம் இந்த இருட்டில் நின்றால் சாய்ந்தது நிமிராது. வெட்டவும் கூடாது, விடவும் கூடாது.

ஒரு சீகையில் சோதனை செய்து பார்த்தேன். இடுப்பு உயரத்தில் பட்டையை ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் உரித்து எடுத்துவிட்டேன். மரம் உடனே விழாது. நின்றபடியே மாதக்கணக்கில் வாடும். இலை கொஞ்சம் கொஞ்சமாக உதிரும், வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கிளைகள் மட்டும் இன்னும் ஓரிரு குளிர்காலத்துக்குக் கூரையாக இருக்கும். தண்ணீரும் ஒரேயடியாக ஏறாது. மூன்றுக்கு ஒன்று உரித்தால் போதும். கிழக்குப் பக்கத்து மரங்களைத் தொடவே கூடாது. பனி பிடித்த இலையில் விடிந்ததும் நேர்வெயில் பட்டால் சேதம் அதிகம்.

இது சரியாக வரும் என்று தோன்றுகிறது. தோன்றுகிறது என்று மட்டும் எழுதுகிறேன். யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்க இருந்த ஒரே ஆள் அக்காதான்.

ஜனவரி 11

பனி. பிருந்தாவிடமிருந்து பொங்கலுக்கு வேட்டி சட்டை பார்சல் வந்தது. சட்டை பெரிதாக இருக்கிறது.

ஜனவரி 18

நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

காலையில் பிச்சைமுத்துவும் ஆட்களும் வந்தார்கள். நான் அவர்களோடு அக்கரைக்கு இறங்கினேன். பட்டை உரிக்கும் யோசனையைச் சொன்னேன். உரித்து வைத்திருந்த மரத்தைக் காட்டினேன். மரத்துக்கு அரைஞாண் கட்டிவிட்டிருக்கிறீர்கள் என்று ஆட்களில் ஒருவன் சொன்னான், மற்றவர்கள் சிரித்தார்கள். பிச்சைமுத்து சிரிக்கவில்லை. டீச்சரம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாம் என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் போன் போட்டுவிட்டான். அங்கே சிக்னலுக்காக மேட்டில் ஏறி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தான்.

அக்காதான் எடுத்தாள். வெட்டியாச்சா என்று கேட்டாள். சார் வேறு மாதிரி சொல்கிறார் என்று பிச்சைமுத்து சொன்னான். போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாள்.

"ஏன்டா, சொன்னது காதுல உழுகலையா? அத்தனையும் எறக்கு."

"வேண்டாங்க்கா" என்றேன்.

"என்ன வேண்டாம்?"

"அக்கரையில வெட்ட வேண்டாம். வெட்டுனா கன்னு செத்துப்போகும்."

"யாரு சொன்னா?"

"நான்தான்க்கா சொல்றேன்."

எழுபத்திரண்டு வயதில் இதைச் சொல்கிறேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். எப்படித் திட்டுவாள் என்பதும் எனக்குத் தெரியும். படிச்ச முட்டாள் என்பாள். என்னை வளர்த்த கதையைத் தொடங்குவாள். ஆட்கள் முன்னால் கேட்க வேண்டியிருக்கும். பரவாயில்லை, கேட்டுக்கொள்ளலாம் என்று தயாராக நின்றேன்.

திட்டு வரவில்லை.

"சரி தம்பி. நீ சொன்னாச் சரிதான்" என்றாள். சின்னக் குரல். "எனக்கு இப்பல்லாம் ஒண்ணும் பிடிபட மாட்டேங்குது. நீ பாத்துக்க."

பிச்சைமுத்து போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். ரம்பத்தை இக்கரையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வரச்சொல்லி ஆட்களிடம் சொன்னான். பிறகு என்னிடம் திரும்பி, "எந்த மரம்னு காட்டுங்க சார்" என்றான்.

காட்டினேன். ஒரு சுண்ணாம்புக் கோட்டைக்கூட அழித்துத் திருப்பிப் போடவில்லை. இருட்டுவதற்குள் பாதி முடிந்தது.

அவள் திட்டியிருக்கலாம்.

ஜனவரி 19

பிருந்தாவைக் கூப்பிட்டு அந்த மாத்திரையின் பெயரைக் கேட்டேன். சொன்னாள். வைட்டமின் அல்ல, மறதிக்குக் கொடுப்பது.

பிப்ரவரி 9

பனி நின்றுவிட்டது போலிருக்கிறது. அக்கரையில் உரித்த மரங்களில் உச்சி மஞ்சளாகத் தொடங்கியிருக்கிறது. கன்றுகள் ஒன்றும் சாகவில்லை. சில செண்பகங்களில் நுனி மொட்டு தடித்திருக்கிறது. இக்கரையில் பிழைத்தவை சொற்பம். மிலாற்றை எடுத்துவிட்டோம்.

மார்ச் 22

கோடைமழை இரண்டு முறை பெய்தது. இக்கரையில் வெட்டிய இடம் முழுக்கச் சீகை விதை முளைத்து, கீரைப்பாத்தி மாதிரி பச்சையாக நிற்கிறது. மண்ணுக்குள் எத்தனை வருடமாகக் காத்திருந்ததோ. பிடுங்கத்தான் உட்கார்ந்தேன். ஒரு கைப்பிடி பிடுங்கிய பிறகு நிறுத்தினேன். இக்கரையில் திரும்ப நடுவதானால் முதலில் குடை வேண்டும். இடைவெளி விட்டுச் சிலவற்றை வளர விட்டால் மூன்று வருடத்தில் தலைக்கு மேலே வந்துவிடும். மற்றதைப் பிடுங்கினால் போதும். அதுவரை அங்கே எதையும் நடக் கூடாது.

ஏப்ரல் 14

அக்கா வந்திருக்கிறாள். வருடப் பிறப்புக்காகப் பிருந்தா இரண்டு நாள் அழைத்து வந்தாள். இளைத்துவிட்டாள். வீட்டுக்குள் வந்ததும் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தாள். பாயசம் நன்றாக இருந்தது என்றாள். நான் வைத்தது.

சாயங்காலம் பள்ளத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். வாக்கரோடு இறங்க முடியாது. பிச்சைமுத்துவைக் கூப்பிட்டோம். ஒரு பக்கம் அவனும் மறு பக்கம் நானும் பிடித்துக்கொண்டு மெதுவாக அழைத்துப் போனோம். பிருந்தா பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

வாய்க்கால் கரையில் நாற்காலி போட்டு உட்கார்த்தினோம். அக்கரையை வெகுநேரம் பார்த்தாள். இலை உதிர்ந்த மரங்கள் வழியாக வெயில் திட்டுத்திட்டாக இறங்கியிருந்தது. செண்பகங்கள் புதுத் துளிர் விட்டிருந்தன. பிறகு கழுத்தைத் திருப்பி இக்கரையைப் பார்த்தாள். அடிக்கட்டைகள், காய்ந்த குச்சிகள், நடுவே சீகை முளை. முகம் மாறியது. பழைய முகம் வந்துவிட்டது.

"யாருடா இதை இப்படி மொட்டை அடிச்சது?"

பிச்சைமுத்து வாயைத் திறந்தான். நான் அவனைப் பார்த்தேன். மூடிக்கொண்டான்.

"நான்தான்க்கா" என்றேன்.

"உனக்கு எப்பவுமே அவசரம்" என்றாள். "மூணுக்கு ஒண்ணுன்னு எடுத்தா என்ன? ஒரு வார்த்தை எங்கிட்டக் கேக்கோணும்னு தோணுச்சா உனக்கு? படிச்சு என்ன பிரயோசனம்?"

என்னை அவசரக்காரன் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. பிருந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா இன்னும் கொஞ்ச நேரம் திட்டினாள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டேன். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

கடைசியில் மூச்சு வாங்கியது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் கையை வாக்கரைப் பிடிப்பது போல இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "போனது போகட்டும். நாளைக்கே ஆளை உட்டு இந்தச் சீகை முளையெல்லாம் வழிச்செடுத்துப்போட்டுப் புதுக் கன்னு நடு. செய்யறயா?"

"சரிக்கா" என்றேன்.

பிச்சைமுத்து என்னைப் பார்த்தான். நான் தலையை லேசாக அசைத்தேன், முளையை வழிக்க வேண்டாம் என்று.